எழவு சொல்ல ஓடிய கால்கள்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. திருவெள்ளறை கோயில் வாசல். மேலே எழும்பாமலே நின்றுபோன மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நீலப் பனியன் போட்ட கூட்டம். திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் காரில் வந்து இறங்கிய டாக்டர்கள், வக்கீல்கள், அரிசி மண்டிக்காரர்கள், என்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள். 'ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக ஓடுவோம்' என்று ரெண்டு ஆள் உயரத்துக்குத் தட்டி. மாரத்தான் ஓட்டமாம். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இது 10 கிலோமீட்டர். இருக்கட்டும். ஊருக்கு ஊர் 'வள்ளல்' என்று தனக்குத் தானே பட்டம் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கும்போது பத்தை நாற்பத்திரண்டு என்று சொன்னால் என்ன கெட்டுவிட்டது.

பனியன் ஏன் நீலம் என்று கேட்டேன். மொத்தமாக எடுத்ததில் அந்தக் கலர்தான் மலிவு என்றார்கள். நீலம் யாருடைய கொடி என்று தெரிந்திருந்தால் காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்று வேறு கலர் எடுத்திருப்பார்கள்.

நான் ஓடப் போகவில்லை. கணக்கு எழுதப் போனேன். நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில்தான் ஓட்டத்துக்குக் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். பதிவுப் பணம் வாங்கி ரசீது போட ஒரு ஆள் வேண்டும். கவிதை எழுதுகிறவன் சும்மாதானே கிடப்பான் என்று என்னை அனுப்பி வைத்தார்கள். மேசையில் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டே நோட்டீசின் பின்பக்கம் அச்சடித்திருந்த பாதைப் படத்தைப் பார்த்தேன். கோயில் வாசலில் ஆரம்பம். துறையூர் ரோட்டில் ஏறி, கிளை ரோட்டில் பிரிந்து, பக்கத்து ஊர்கள் இரண்டைத் தொட்டுத் திரும்பக் கோயில் வாசல். எல்லாம் நேர்க்கோடு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு பாம்பு மாதிரி நெளிந்து ஏரிக்கரைப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி ரோட்டில் வந்து சேருகிறது.

அந்த இடம் எனக்குத் தெரியும். ஊர்ப் பேர் வேண்டாம். எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் பொருந்தும். நேராகப் போனால் காலனி. முதலில் அம்பேத்கர் சிலை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, நாற்பது ஐம்பது வீடு, அதைத் தாண்டி பள்ளிக்கூடம். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஓடுகிறார்களோ அதே பள்ளிக்கூடம்.

அமைப்பாளர் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் சார், ரூட்டு இங்க இப்படி வளையுது?"

"ரோடு குறுகல் சார். ஆடு மாடு நிக்கும், பிள்ளைங்க குறுக்க ஓடும். ஓடுறவங்க கால் தடுக்கிருச்சுன்னா? பாதுகாப்புதான் சார்."

"ஏரிக்கரையில கருவமுள்ளா கெடக்குமே?"

"அதெல்லாம் நேத்தே ஆள் விட்டுக் கூட்டியாச்சு."

"யாரு கூட்டுனது?"

"காலனிப் பசங்கதான். நல்ல பசங்க சார், காசுகூட வேணாம்னுட்டாங்க."

தோழர்களே, இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். நம் தெருவுக்குள் வராமல் போவதற்கான வழியை நம் பிள்ளைகளை விட்டே கூட்டிச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். அதுவும் இனாமாக.

அன்றைக்குக் காலை காலனிப் பிள்ளைகள் குளித்து, யூனிபாரம் போட்டு, அம்பேத்கர் சிலை அடியில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். கைதட்டி வரவேற்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவைத்திருக்கிறார். ரெண்டு பையன்கள் தப்பைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஓடுகிறவர்கள் வந்தார்கள். வயக்காட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை மேல், நீல நீலமாகப் புள்ளி மாதிரி போனார்கள். இவர்களுக்காக ஓடுகிறவர்களை இவர்கள் வயலுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பத்து மணிக்கு மேல் ஒரு வேன் வந்தது. பை, நோட்டு, பென்சில் டப்பா. பையின் ஒரு வாரை அவர் பிடித்திருக்க மறுவாரைப் பிள்ளை பிடித்திருக்க, போட்டோ. அடுத்த பிள்ளை. போட்டோ. வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவுங்க ஏன் அண்ணே அந்தாண்ட போனாங்க?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

*

இது என்ன பெரிய கொடுமை, யாரும் அடிக்கவில்லையே, வையவில்லையே, தடுக்கவில்லையே என்று கேட்பார்கள். நம்ம ஆட்களிலேயே கேட்பார்கள். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். தடுக்கவில்லை. வளைந்து போனார்கள்.

தடுத்தால் நமக்குச் சட்டம் இருக்கிறது. 1924இல் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதிலும் எந்தச் சாதிக்காரனும் போகலாம், வரலாம், புழங்கலாம், எவனும் ஆட்சேபிக்கக் கூடாது என்று. அது நிறைவேறி அரசாணையும் ஆனது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்குப் போராட்டம். அப்புறம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எல்லாச் சட்டமும் மறிக்கிறவனைத்தான் பிடிக்கும். நீ அவன் தெருவுக்குப் போகும்போது அவன் குறுக்கே நின்றால் குற்றம். அவன் உன் தெருவுக்கு வராமலே போனால்? அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. ரோடு குறுகல், ஆடு மாடு, பாதுகாப்பு. முடிந்தது.

சாதி இந்துக்கள் முட்டாள்கள் இல்லை. சட்டம் எங்கே முடிகிறதோ அங்கே அவர்களுடைய பாதை வளைகிறது. சாமி ஊர்வலம் வளைகிறது, தேர் வளைகிறது, கல்யாண ஊர்வலம் வளைகிறது, ஓட்டு முடிந்த மறுநாள் எம்.எல்.ஏ.வின் கார் வளைகிறது. இப்போது மாரத்தானும் வளைகிறது. தேருக்கு ஆகமம் என்றார்கள், மாரத்தானுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். வார்த்தைதான் மாறியிருக்கிறது, தேர் போகாத தெரு மாறவில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமைக்காக நம் மக்கள் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பல வருஷம் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. வடத்தைத் தொடுவதற்கே இத்தனை காலம். தேர் நம் தெருவுக்கு வருவதைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

திருவெள்ளறைக்காரர்களுக்கு நாலுமூலைக் கேணியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்கிறேன். தந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் தம்பி கம்பன் அரையன் வெட்டிய கிணறு. மாற்பிடுகு பெருங்கிணறு என்று கல்வெட்டில் பேர். நாலு பக்கம் நாலு வழி. படி நேராக இறங்காது, மடங்கித் திரும்பி இறங்கும். ஒரு வழியில் இறங்கிக் குளிக்கிறவரை இன்னொரு வழியில் குளிக்கிறவர் பார்க்க முடியாது. வெட்டச் சொன்னவன் பேர் கல்லில் இருக்கிறது, மண் சுமந்தவன் பேர் இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் ஆகா என்ன கட்டடக்கலை என்று வாயைப் பிளக்கிறார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் கிராமத்தின் வரைபடம் மாதிரியே தெரிகிறது. தண்ணீர் ஒன்றுதான், இறங்கும் வழி வேறு வேறு, எவன் முகத்தையும் எவனும் பார்க்காமலே காலம் தள்ளலாம். மாரத்தான்காரர்கள் அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் பாதைப் படம் போட்டிருப்பார்கள் போல.

*

மாரத்தான் என்பது என்ன? ஒரு சேதி சொல்லப் போனவனின் கதை. கி.மு. 490இல் மாரத்தான் என்ற இடத்தில் சண்டை. ஏதென்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த சேதியைச் சொல்ல ஒருத்தன் ஏதென்சுக்கு ஓடினான், சொன்னான், விழுந்து செத்தான் என்று கதை. நடந்ததோ இல்லையோ, 1896இல் ஒலிம்பிக்கை மறுபடி தொடங்கியபோது அவன் ஞாபகமாக இந்த ஓட்டத்தை வைத்தார்கள். அதில் முதலாவதாக வந்தவர் ஸ்பிரிடான் லூயிஸ். அவர் என்ன ராஜாவீட்டுப் பிள்ளையா? தண்ணீர் சுமந்து பிழைத்தவர்.

சேதி சொல்ல ஓடுகிறவன் நம் ஊரில் யார்? எங்க அப்பாயி சொல்லும்:

"ஒங்க தாத்தன் காலு காலா? குடியானவூட்ல ஒரு சாவு விழுந்தாப் போதும், சாமமோ மழையோ பாக்க முடியாது. கூப்புட்ட கொரலுக்கு ஓடணும். விடியறதுக்குள்ள துறையூருக்குப் போயிச் சொல்லிப்புட்டுத் திரும்பணும். மறுக்கா லால்குடிப் பக்கம் போகணும். பெரியவூட்டு வாசப்படிய மிதிக்கப்படாது. தெருமொனையில நின்னு, துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, 'ஆண்டே, சாவுச் சேதி கொண்டாந்திருக்கேன்'னு கத்தணும். கம்போ கேவுறோ ஒரு படி, துண்டுல கொட்டுவாங்க. தண்ணி கேட்டா கையக் குழிக்கச் சொல்லி ஊத்துவாங்க. வந்து படுத்தாருன்னா கால்ல எண்ணெ போட்டு உருவி உட்டாத்தான் மறுநா எந்திரிக்கலாம்."

துறையூர் போய்த் திரும்பினாலே ஒரு மாரத்தான் தூரத்துக்குக் குறையாது. என் தாத்தாவுக்கு மெடல் இல்லை, நேரம் குறித்தவர் இல்லை, வழியில் தண்ணீர் மேசை இல்லை, குளுக்கோஸ் இல்லை, பின்னால் ஆம்புலன்ஸ் வரவில்லை. கிரேக்கத்தான் ஒருநாள் ஓடிச் செத்தான், உலகமே அவன் பேரைச் சொல்லி ஓடுகிறது. நம் தாத்தன்மார் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் சாவைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். அவர்கள் செத்தபோது சேதி சொல்ல எவனும் ஓடவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊர் ஊராக நம் இளைஞர்கள், சாவுக்குத் தப்படிக்க மாட்டோம், எழவு சொல்லப் போக மாட்டோம் என்று மறுத்தார்கள். அடி வாங்கினார்கள், வேலையிழந்தார்கள், குடிசைகள் எரிந்தன. அந்தக் கால்களை நிறுத்தியதுதான் நம் அரசியலின் முதல் அடி. நின்ற கால்களை அவர்கள் மன்னிக்கவில்லை. இன்று 'ஓடுவது உடம்புக்கு நல்லது' என்று நமக்கே சொல்லித்தர வருகிறார்கள்!

பனியனையும் காலணியையும் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் புத்தகத்தில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினால் அடி, கொள்ளை, தீ. நூறு வருஷம்கூட ஆகவில்லை. நாம் பனியன் போடக் கூடாது என்று குடிசையைக் கொளுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பனியன் போட்டுக்கொண்டு நமக்காக ஓடுகிறார்கள். முழங்காலுக்கு மேல் அரைக்கால் சட்டை வேறு. அன்றைக்கு நமக்குத் தண்டனையாக இருந்த உடுப்பு இன்றைக்கு அவர்களுக்கு ஆரோக்கியம்.

*

இதெல்லாம் நம் ஊர் அழுக்கு, வெளிநாட்டில் விளையாட்டு சுத்தமாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஒரு ஓட்டம் இருக்கிறது, பேரே 'காம்ரேட்ஸ்'. தோழர்கள்! முதல் உலகப்போரில் செத்த சிப்பாய்களின் நினைவுக்காக 1921இல் தொடங்கியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தோழர்கள் என்று பேர் வைத்துக்கொண்டு 1975 வரை கறுப்பர்களையும் பெண்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்க்கவில்லை. 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் பேர் கொடுக்காமல், எண் அட்டை இல்லாமல், வெள்ளைக்காரர்களோடு ஓடினார். ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். முடிவுப் பட்டியலில் அவர் பேர் இல்லை. ஓட்டத்தில் முதல் கறுப்பர் ஜெயிக்க 1989 ஆகிவிட்டது. 2019இல்தான் ம்ட்ஷாலி பேரில் ஒரு மெடலே வைத்தார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து தள்ளிய ஊர். தள்ளப்பட்டவர் மகாத்மா ஆனார். 1932இல் பூனாவில் உண்ணாவிரதம் இருந்து நம்மை இரட்டை வாக்குரிமையிலிருந்து தள்ளினார். ஆக, தள்ளப்பட்டவனெல்லாம் தள்ளப்பட்டவனுக்குத் தோழன் என்று நம்பிவிடக் கூடாது. ம்ட்ஷாலி யாரிடமும் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. ரோட்டில் இறங்கினார். எனக்கு அதுதான் முக்கியம்.

*

இப்போது காசு. நான் கவுண்டரில் உட்கார்ந்து எண்ணிப் பழகினவன். ஓட்டம் முடிந்த மறுவாரம் அமைப்பாளர்களிடம் கணக்குக் கேட்டேன். "நல்ல காரியத்துக்குப் போயி கணக்குக் கேக்குறீங்களே சார்" என்றார்கள். நான் திருட்டு என்று சொல்லவில்லை. யாரும் திருடியிருக்க மாட்டார்கள். தட்டிக்கு, பனியனுக்கு, மெடலுக்கு, பந்தலுக்கு, ஒலிபெருக்கிக்கு, டிபனுக்கு, கொடியசைக்க வந்தவருக்குச் சால்வைக்கு என்று நேர்மையாகவே செலவாகியிருக்கும். மிஞ்சியதில் நோட்டும் பையும். ஓடியவர்களுக்குக் கிடைத்த பனியனும் மெடலும் டிபனும் பிள்ளைக்குக் கிடைத்த பையைவிட விலை கூட என்பதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை, கண் போதும். நன்கொடையாளருக்கு 80ஜி ரசீது, வருமானவரியில் கழிவு. தர்மத்துக்கு இங்கே புண்ணியத்தோடு வரிச்சலுகையும் உண்டு.

பெரிய ஊரில் பெரிய கணக்கு. கோயம்புத்தூரில் 2013லிருந்து புற்றுநோய் அறக்கட்டளைக்காக வருஷா வருஷம் மாரத்தான் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் சென்னையில் கலைஞர் நினைவு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதிந்தார்கள், பதிவுப் பணம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆஸ்பத்திரிக்குக் காசு போவதை நான் குறை சொல்லவில்லை. நோய்க்குச் சாதி பார்த்து வரத் தெரியாது. அந்த வார்டில் நாமும் படுக்கிறோம். ஆனால் கிராமத்தில் நடக்கிற ஓட்டத்தில் கொடுக்கிறவன் தெருவும் வாங்குகிறவன் தெருவும் வேறு வேறு. அங்கே தர்மம் என்பது கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் யார் யார் என்று வருஷத்துக்கு ஒருமுறை மேடை போட்டுச் சொல்கிற சடங்கு.

நமக்கு வர வேண்டியது தர்மம் இல்லை, பங்கு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு இருபது. மக்கள்தொகை எத்தனை பங்கோ அத்தனை பங்கு திட்ட நிதியை நமக்கென்று ஒதுக்க வேண்டும் என்று சிறப்புக்கூறுத் திட்டம் வந்தது 1979-80இல். அந்தப் பணம் வேறு வேறு பொதுச் செலவுக்குத் திருப்பப்படுகிறது, செலவழியாமல் திரும்பிப் போகிறது என்று நம் இயக்கங்கள் இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தி, 2024இல்தான் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. எத்தனை மாணவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியும்? பத்து நோட்டுக்கு நன்றி சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிற பள்ளிக்கூடம், உன் பங்கு எங்கே போனது என்று கேட்கப் பழக்குமா? மைதானம் இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் டப்பா கொடுக்க ஓடினார்களே, மைதானம் கேட்டு ஒருத்தராவது கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்களா?

*

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தக் கதையைத் தோழர்கள் மத்தியில் சொன்னபோது ரெண்டு விதமான பேச்சு வந்தது.

ஒரு தோழர் சொன்னார்: "பசங்க தொண்டர்களாப் போகட்டுமே, நாலு பேரோட பழக்கம் வரும், வேலைவாய்ப்பு வரும், கொஞ்சம் கொஞ்சமா மாறும்." அவரிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நம் பிள்ளைகளை எந்த வேலையில் விட்டார்கள் என்று பார்த்தீர்களா? தண்ணீர் மேசைக்கு காலேஜ் பிள்ளைகள். ஓடுகிறவர்கள் குடித்துவிட்டு வீசுகிற காலிப் பாட்டிலைப் பொறுக்க காலனிப் பிள்ளைகள். தண்ணீரோ மூடி திறக்காத பாட்டில் தண்ணீர், அதைக்கூட நம் கையால் நீட்டவிடவில்லை. 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்தது. தண்ணீருக்குள் இருக்கும் சாதி மூடிபோட்ட பாட்டிலுக்குள் நுழையாது என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். இது பழக்கம் வருகிற வழி இல்லை தோழர், பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போகிற வழி.

இன்னொரு தோழர் சொன்னார்: "மாரத்தானே நடுத்தர வர்க்கத்தின் தொப்பை கரைக்கிற கேளிக்கை. புறக்கணிப்போம். நமக்கும் ஓட்டத்துக்கும் என்ன?" இவரோடுதான் எனக்குப் பெரிய சண்டை. நமக்கும் ஓட்டத்துக்கும் என்னவா? விடியற்காலை ஐந்து மணிக்குத் துறையூர் ரோட்டு ஓரத்தில் வந்து நின்று பாருங்கள். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும் என்று நம் பையன்கள் லாரிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மைதானம் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது, நல்ல ஷூ கிடையாது. போனில் நேரம் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை கிடைத்துப் போனால் நாளைக்கு எந்தத் தேர் வளைந்து போவதற்குப் பந்தோபஸ்து நிற்கப் போகிறார்களோ, அது வேறு கதை. ஆனால் ஓட்டம் நம்முடையது. அதை எதிரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார முடியாது.

சாந்தி சௌந்தரராஜனை ஞாபகப்படுத்துகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. அப்புறம் பாலினச் சோதனை என்று சொல்லி மெடலைப் பிடுங்கினார்கள். உடம்பைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். மாநில அரசு பரிசாகக் கொடுத்த 15 லட்சத்தில் அந்தப் பெண் என்ன செய்தார்? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சென்னை மாரத்தானில் முதல் இடமும் மூன்றாம் இடமும் வாங்கினார்கள். அதற்குப் பிறகும் 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார் என்பதை இந்த நாடு பேப்பரில் படித்தது. மறுபடி எழுந்து, படித்து, 2016இல் அரசு வேலையில் பயிற்சியாளர் ஆனார். தர்மம் செய்கிறேன் என்று தட்டி கட்டாமல், கையில் வந்ததைப் பிள்ளைகளின் கால்களுக்குக் கொடுத்தவர் அவர். நோட்டும் பையும் கொடுத்த கூட்டத்தையும் சாந்தியையும் ஒரே சொல்லால் 'உதவி' என்று சொன்னால் நம் வாய் அழுகிவிடும்.

ஆகவே புறக்கணிப்பும் இல்லை, பாட்டில் பொறுக்கலும் இல்லை. நாம் ஓடுவோம். நம் தெருவிலிருந்து ஓடுவோம்.

*

வருகிற ஏப்ரல் 14 காலை, அண்ணலின் பிறந்த நாளில், அதே காலனியின் அம்பேத்கர் சிலையிலிருந்து ஓடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஏரிக்கரைப் பக்கம் வளையாமல் நேர்ரோட்டில், ஊர்த் தெரு வழியாக, துறையூர் ரோட்டில் ஏறி, திருவெள்ளறை நாலுமூலைக் கேணி வரை. பதிவுக் கட்டணம் இல்லை, பனியன் இல்லை, மெடல் இல்லை. ஷூ இருக்கிறவன் ஷூவில், இல்லாதவன் வெறுங்காலில். பெண்பிள்ளைகள் முன்வரிசையில். அன்றைக்குக் காய்ச்சி வைத்து அடிக்காமலே போன தப்பு இந்தத் தடவை எழவுக்கு இல்லாமல் ஓட்டத்துக்கு அடிக்கும்.

காவல் நிலையத்தில் மனுக் கொடுத்துப் பல நாளாகிறது. அவர்கள் மாரத்தானுக்கு முன்னால் ஜீப்பும் பின்னால் ஆம்புலன்சும் போயின. நம் மனுவுக்கு மட்டும் "ஊர்த் தெரு வழியா எதுக்கு, மெயின் ரோட்டுலயே ஓடிட்டுப் போங்களேன், சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்" என்கிறார்கள். யாரால் வரும் என்று கேட்டால் பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ஓடுகிறதுக்குச் சம்மதக் கடிதமா? எங்க தாத்தா நடுச்சாமத்தில் உங்கள் சாவைச் சொல்லிக்கொண்டு இதே தெருவில் ஓடினாரே, அப்போது எவன் கடிதம் கேட்டான்? எழவோடு ஓடினால் பொதுத்தெரு, எழவில்லாமல் ஓடினால் சட்டம் ஒழுங்கா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ இந்த மாதிரி ஓட்டத்துக்கு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தால் கிழித்துப் போடாதீர்கள், பத்திரமாக வாங்குங்கள். பின்பக்கம் திருப்பிப் பாதையைப் பாருங்கள். எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று கேளுங்கள். மேடையில் யார், மேசையில் யார், குப்பைக் கூடையோடு யார் என்று கேளுங்கள். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். யாருக்காக ஓடுகிறார்களோ அவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். சரி என்றால் சேர்ந்து ஓடுங்கள், அவர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் சரி. 'நல்ல காரியத்துல சாதி பேசாதீங்க' என்றால், சாதி பேசியது நாங்கள் இல்லை, உங்கள் பாதைப் படம்தான் என்று சொல்லுங்கள்.

அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரல் 14 காலை ஐந்தரை மணிக்குச் சிலையடியில் இருப்போம். ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை, நானும் ஓடுகிறேன். முப்பது வயசுக்கு மேல் ஆகிவிட்டது, கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பையும் விழுந்துவிட்டது. கடைசியாகத்தான் வருவேன். பரவாயில்லை. "அவுங்க ஏன் அந்தாண்ட போனாங்க" என்று கேட்ட பையன் எனக்கு முன்னால் ஓடுவான்.

வாருங்கள் தோழர்களே. வரும்போது தண்ணீர் கொண்டு வாருங்கள். யார் கையிலிருந்தும் யாரும் வாங்கிக் குடிக்கலாம்.